74ஆம் நாள் வந்த அழைப்பு

என் மேசையில் இருக்கும் நீள நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இரண்டு தேதிகள் எழுதியிருப்பேன். ஒன்று அந்த ஆள் வேலையில் சேர்ந்த நாள். மற்றது அதிலிருந்து 90ஆம் நாள். இரண்டாவது தேதியைச் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழிலைத் தனியாகச் செய்கிற எவருக்கும் அந்தச் சிவப்புத் தேதியின் பொருள் தெரியும்: அதுவரை கைக்கு வந்த பணம் நம்முடையது இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயருக்கு எதிரே அப்படி எழுதிய தேதி ஒன்றை, நோட்டைப் புரட்டும்போது இன்றைக்கும் என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும், எங்களைப் போன்றவர்கள் வழியாக வேலை தேடுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதில் இருப்பதால், இந்த முறை முழுவதுமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2019இல் வெளியே வந்து வீட்டின் முன்னறையில் தனியாகத் தொடங்கினேன். கேரளத்தில் கொச்சிக்கு அடுத்த பெரிய தொழிற்பகுதி கஞ்சிக்கோடு. வாளையாரைத் தாண்டினால் கோயம்புத்தூர். கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. எங்கள் சித்தூர் வட்டத்துப் பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, எல்லைக்கு அந்தப் பக்கம் போய் டிப்ளமோ முடித்து, திரும்பி வந்து மலையாளத்தில் நேர்முகத் தேர்வுக்கு உட்காருகிறவர்கள். இரண்டு மாநிலத்திலும் சுற்றத்தார் உண்டு, இரண்டு மாநிலத்துச் சான்றிதழும் கையில் உண்டு, அதனால் வருகிற சிக்கலும் உண்டு. கேரளத்துப் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும், தமிழ்நாட்டுச் சான்றிதழில் முன்னால் இருக்கும், ஆதாரில் தலைப்பெழுத்தே இருக்காது, அல்லது அப்பாவின் முழுப்பெயர் சேர்ந்திருக்கும். வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) யு.ஏ.என். என்ற கணக்கு எண் எடுக்கும்போது பெயர் ஆதாரில் உள்ளபடியே இருந்தாக வேண்டும். சேர்ந்து பல மாதமாகியும் பி.எஃப். கணக்கு சரியாகாமல் அலைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆகையால் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் ஆதாரையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறேன்.

8.33 சதவீதமும் 90 நாளும்

அலுவலக நிலை, மேற்பார்வை நிலை வேலைகளுக்கு எங்கள் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம். நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருகிற எண் அது. அதாவது ஒரு மாதச் சம்பளம். அதைத் தர வேண்டியது கம்பெனி. தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலேயே பொது விதியாக வைத்திருக்கிறது. நான் யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. எங்கள் பகுதியில் வேலைக்குப் போகிற பிள்ளையிடம் முதல் மாதச் சம்பளத்தையே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், அந்த ஒரு தவறைச் செய்யாதவரைக்கும் நான் நேர்மையாகத்தான் தொழில் செய்கிறேன் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருக்கும். சேர்த்துவிட்ட ஆள் 90 நாளுக்குள் விலகினால், கட்டணம் வாங்காமல் மாற்று ஆள் தர வேண்டும். 30 நாளுக்குள் தர முடியாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கம்பெனியின் பக்கம் இருந்து பார்த்தால் அதில் நியாயம் உண்டு. யாரையாவது கொண்டுவந்து தள்ளிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்களிடமிருந்து அது அவர்களைக் காக்கிறது. நானும் பணியாளர் பிரிவில் இருந்த காலத்தில் பல முகவர்களிடம் அந்த வரியைக் காட்டிக் கறாராகப் பேசியவள்தான். மேசையின் மறுபக்கம் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த வரி முகவரை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவந்தது.

முதலில் சொன்ன சிவப்புத் தேதிக்குரிய தம்பி, வேலந்தாவளம் போகிற சாலையில் உள்ளடங்கிய ஒரு ஊர்க்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோ, 22 வயது, அப்பா இல்லை. கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்பட ஆலையில் பயிற்சி சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் என்றார்கள். மாதம் 20,000 என்று கணக்குப் போட்டுக்கொண்டு அவர் மிகுந்த மகிழ்ச்சியோடு போனார். அந்தக் கணக்கு எப்படிக் கைக்கு வருகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 20,000 என்பது கம்பெனி அவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் சம்பளச் சீட்டில் ஏறுவது 16,000. அடிப்படைச் சம்பளம் அதில் 12,000. 20,000இல் மீதி 4,000 இப்படிப் போகிறது: கம்பெனி கட்டும் பி.எஃப். 1,440, மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. 520, பணிக்கொடைக்காக ஒதுக்கும் 577, போனசுக்கு ஒதுக்கும் 1,000, வண்டிக்கும் கேன்டீனுக்கும் 463. சீட்டில் ஏறிய 16,000 ரூபாயிலிருந்து அவர் பங்கு பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 120 பிடித்தால் கையில் வருவது 14,440. இதில் எந்த ஏமாற்றும் கிடையாது. ஒவ்வொரு ரூபாய்க்கும் சட்டமோ கணக்கோ இருக்கிறது. ஆனால் 20,000 வரும் என்று நம்பி வீட்டுக்குத் தவணை பேசியவருக்கு முதல் மாதம் 14,440 வந்தால், அந்த அதிர்ச்சியில் பாதிக் குற்றம் விளக்கிச் சொல்லாத முகவருடையது. அன்று நான் அதையும் விளக்கிச் சொல்லவில்லை.

என் கட்டணம் 20,000 ரூபாய். 45ஆம் நாள் வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்த மாதம் வேறு வரவு இல்லை. பணத்தை என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டிவிட்டேன்.

அந்த அழைப்பு

74ஆம் நாள் இரவு அவர் கூப்பிட்டார். மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. நடந்துகொண்டே பேசுகிறார் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"அக்கா, என்னால முடியலைங்க. செகண்ட் ஷிப்ட் பத்தரைக்குத்தான் முடியுது. வண்டி மேனோன்பாறையில எறக்கி விட்டுட்டுப் போயிருது. அதுக்கு மேல பஸ் இல்லைங்க. யாராவது பைக்ல வந்தா ஏத்திக்குவாங்க, இல்லைன்னா நடைதான். அம்மா தூங்காம உக்காந்திருக்காங்க."

அந்த அம்மா ஏன் தூங்காமல் உட்கார்ந்திருந்தார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வாளையார்க் காட்டிலிருந்து யானை இறங்கியது என்று வாரத்துக்கு ஒரு செய்தி காதில் விழுகிற ஊர் இது. இரவு நேரத்தில் பிள்ளை நடந்து வருகிறான் என்றால் எந்தத் தாய்க்கும் கண் மூடாது.

நான் அவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, மூணு மாசம் முடியட்டும். முடிஞ்சா கன்பர்மேஷன் வந்துரும், அப்புறம் ஜெனரல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கலாம். இன்னும் பதினாறு நாள்தானே, பொறுத்துக்கங்க."

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரிங்க அக்கா, நீங்க சொன்னாச் சரி" என்றார்.

பதினாறு நாள் என்ற எண் என் வாயில் எவ்வளவு எளிதாக வந்தது என்பதை நினைத்தால்தான் இன்றும் மனம் ஒப்பவில்லை. அவர் எத்தனையாவது நாளில் இருக்கிறார் என்று நோட்டைப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதத்தில் பணி உறுதியாகும் என்பது உண்மை இல்லை. நியமனக் கடிதத்தில் தகுதிகாண் பருவம் ஆறு மாதம் என்று இருந்தது. அவர் கையிலும் அந்தக் கடிதம் இருந்தது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம். அதைவிட நான் சொன்ன சொல்லை அவர் நம்பினார். இதற்கு மேலும் ஒன்று உண்டு. அழைப்பு முடிந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயருக்குக் கீழே பென்சிலால், என் கையெழுத்தில், "2ஆவது ஷிப்ட் வண்டி மே.பாறை வரை" என்று எழுதியிருந்தது. ஆள் கேட்டு அழைத்த அன்றே அந்த ஆலையின் பணியாளர் அதிகாரி அதை என்னிடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். நான் எழுதியும் வைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தயங்குவார் என்று எனக்குத் தெரியும்.

92ஆம் நாள் அவர் மறுபடி கூப்பிட்டார். அலுவலகத்தில் கேட்டால் ஆறு மாதம் என்கிறார்களே என்று, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், நான் ஏதோ விசாரித்துச் சொல்வேன் என்ற எதிர்பார்ப்போடு கேட்டார். பேச்சின் ஊடே இன்னொன்றும் வெளிவந்தது. அந்தப் பதினாறு நாளுக்கு உள்ளேதான் கே.ஜி. சாவடிப் பக்கம் ஒரு கம்பெனியில் அவருக்கு நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. பகல் வேலை, வேலந்தாவளம் வரைக்கும் வண்டி. "நீங்க இருக்கச் சொன்னீங்கன்னுதாங்க அக்கா போகலை" என்றார். அந்த இடத்துக்கு அதற்குள் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அவர் ஐந்தாம் மாதம் ஆலையை விட்டு நின்றார். இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, பிறகு கிணத்துக்கடவுப் பக்கம் ஓர் இடத்தில் சேர்ந்தார். என் 20,000 ரூபாய் என்னிடமே இருந்தது.

சரிவும் பள்ளமும்

அதற்குப் பிறகு நான் செய்த முதல் காரியம், வேலை தேடி வருகிறவர் ஒவ்வொருவரிடமும் என் கட்டணத்தைப் பற்றிச் சொல்வது. "நீங்கள் சேர்ந்தால் கம்பெனி எனக்கு இவ்வளவு தரும், 90 நாளுக்குள் நின்றால் அதை நான் திருப்பித் தர வேண்டும். ஆகவே அந்த நாட்களில் நான் இருங்கள் என்று சொன்னால், அதில் என் பணமும் சேர்ந்து பேசுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்." இதைச் சொல்லிவிட்டால் மனச்சுமை இறங்கிவிடும் என்று நினைத்தேன். சென்ற ஆண்டு அந்தத் தம்பி தன் சித்தப்பா மகனுக்கு வேலை கேட்டுக் கூப்பிட்டபோது, அவரிடமும் நடந்ததை எல்லாம் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில், "அன்னைக்கே சொல்லியிருந்தாலும் இருந்திருப்பனுங்க அக்கா. உங்க காசு போறதுக்கு நான் காரணமாயிரக் கூடாதில்லைங்களா" என்றார்.

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நாம் வெளிப்படையாகப் பேசிவிட்டோம் என்று நினைக்கிற அதே சொற்கள், கேட்கிறவரின் தலையில் ஒரு கடமையைத் தூக்கி வைத்துவிடுகின்றன. ஒருவர் செய்த உதவிக்கு ஈடு செய்யாமல் நகர மாட்டாத பிள்ளைகளிடம் அது இன்னும் கனமாக இறங்கும். இன்றும் கட்டணத்தைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லாமல் இருப்பது அதைவிட மோசம். ஆனால் கோளாறு இருப்பது ஒப்பந்தத்தில் என்றால், சரிசெய்ய வேண்டியதும் ஒப்பந்தத்தில்தான் என்பதை அவருடைய பதில்தான் எனக்குக் காட்டியது.

கணக்காகப் பார்த்தால் விஷயம் எளிது. 89ஆம் நாள் ஆள் நின்றால் முகவருக்கு 20,000 நட்டம்; 91ஆம் நாள் நின்றால் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் இடைவெளியில் அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும்போது, பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறவர் நல்ல யோசனை சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. இப்போது நான் போடும் ஒப்பந்தங்களில் அந்தப் பள்ளத்தைச் சரிவாக மாற்றிவிட்டேன். கட்டணத்தை 90ஆல் வகுத்து, ஆள் எத்தனை நாள் வேலை பார்த்தாரோ அத்தனை நாளுக்கு எனக்கு. மீதியைத் திருப்பித் தருகிறேன். 20,000 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 222 ரூபாய். 74ஆம் நாள் ஒருவர் நின்றால் நான் திருப்ப வேண்டியது சுமார் 3,550. அந்தத் தொகைக்காக நான் யாரிடமும் இல்லாத கன்பர்மேஷனைச் சொல்ல மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கு நம்பிக்கை இருக்கிறது. 20,000 ரூபாய்க்கு அந்த நம்பிக்கை இல்லை. இத்துடன் ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்: ஆள் எடுக்கும்போது எழுத்தில் தந்த ஷிப்ட், வேலை இடம், சம்பளம், போக்குவரத்து ஆகியவற்றில் எதையாவது கம்பெனி மாற்றி, அதனால் ஆள் நின்றால், நான் எதையும் திருப்பத் தேவையில்லை. இந்த வரியைச் சேர்த்த பிறகு கம்பெனிகள் தரும் வேலை விவரம் தானாகவே தெளிவாகிவிட்டது. முன்பு "ரொட்டேஷன் ஷிப்ட்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தவர்கள் இப்போது மணிக்கணக்கோடு எழுதித் தருகிறார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு கம்பெனிகள் பழைய ஒப்பந்தம்தான் வேண்டும் என்று விலகிப்போயின. அதில் ஒன்று என் வரவில் நல்ல பங்கு தந்துவந்த கம்பெனி.

தனியாகத் தொழில் செய்கிற நண்பர்களுக்கு இன்னும் இரண்டு சொல்லத் தோன்றுகிறது. பணம் வந்தவுடன் செலவு செய்யாமல் 90 நாள் தனிக் கணக்கில் வைத்திருக்க முடிந்தால், நம் வாயில் வருகிற யோசனையே மாறிவிடும். அன்று அந்தப் பணம் செலவாகாமல் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்தது எல்லைக்காரர்களாகிய நமக்கே உரியது. வாளையாருக்கு அந்தப் பக்கக் கம்பெனிக்கு பில் போட்டால் உடனே ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும் என்று பயந்து, அங்கே ஆள் கொடுக்காமலேயே இருப்பவர்கள் உண்டு. சேவைத் தொழில் செய்கிறவர்களுக்கு, வேறு மாநிலத்துக்குச் சேவை தந்தாலும் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயம் இல்லை என்று 2017 அக்டோபரிலேயே விலக்கு வந்துவிட்டது.

வேலை தேடுகிறவர்களுக்கு

முகவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். கைக்கு எவ்வளவு வரும், மொத்தச் செலவு என்று கம்பெனி சொல்லும் தொகை எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் வண்டி எந்த ஊர் வரை போகும் என்று கேளுங்கள். எடுப்பது பணியாளராகவா, அப்ரண்டிசாகவா என்று கட்டாயம் கேளுங்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி ஆகமாட்டார், பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் அவருக்குப் பிடிக்க மாட்டார்கள். அப்படிச் சேர்வது தவறில்லை, தெரிந்து சேர வேண்டும். நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அதைத் தர வேண்டியது கம்பெனியின் கடமை. வாங்கியதும் தகுதிகாண் பருவம் எத்தனை மாதம், நிற்பதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்ற இரண்டு வரிகளையாவது யாரிடமாவது காட்டிப் படித்துப் பொருள் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் போன்ற முகவரின் வாய்ச்சொல்லைவிட அந்த இரண்டு வரிகள் உறுதியானவை.

உங்கள் விவரத்தை ஒரே கம்பெனிக்கு இரண்டு முகவர்கள் அனுப்ப விடாதீர்கள். கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும் என்று பயந்து, ஆளையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடும் கம்பெனிகளை நான் உள்ளிருந்தே பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பெனிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று முகவரிடம் பெயர் கேட்டு, சம்மதம் சொன்ன பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

வளைகுடா வேலை என்றால் கவனம் பல மடங்கு வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு இல்லாத முகவர் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கவே கூடாது. பதிவு உள்ளவரும் உங்களிடம் 30,000 ரூபாய்க்கும் அதன் மேல் ஜி.எஸ்.டி.க்கும் அதிகமாக வாங்கக் கூடாது. பதிவு உண்டா என்பதை அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பதிவு கிடையாது. ஆகையால் அதைக் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் முதலில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், சொந்த மாமனே சொன்னாலும், போகாதீர்கள்.

சென்ற வாரம் அந்த வார்ப்பட ஆலையிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. மூன்று சூப்பர்வைசர் இடம் காலி. இப்போது புதிய ஒப்பந்தத்துக்கே சம்மதிக்கிறோம் என்றார்கள். இரண்டாம் ஷிப்ட் வண்டி எதுவரை போகிறது என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். என்னிடம் டிப்ளமோ முடித்த நான்கு பேரின் விவரம் இருக்கிறது. அதில் இருவர் வேலந்தாவளம் சாலைக்காரர்கள். ஆலையிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. யாருடைய விவரத்தையும் நான் இன்னும் அனுப்பவில்லை.